இந்தியச் சாலைகளில் அமெரிக்கக் கார்கள்: பேணுதலும் அசல் தன்மையும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

நடுத்தர உடலில் பெரிய என்ஜினைப் பொருத்தி, 1964 முதல் 1974 வரையிலான பத்தாண்டில் அமெரிக்காவில் உருவான 'மசில் கார்' வகைக் கார்கள், இன்று அந்நாட்டின் தொழில் மரபாகப் போற்றப்பட்டு அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் பேணப்படுகின்றன. அவை புதியனவாக விற்கப்பட்ட காலத்தில் வெளிநாட்டுக் கார்களுக்கு இந்தியா கதவடைத்திருந்தமையால், இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தவை மிகச் சிலவே. ஆயினும், அவற்றுக்கு முந்தைய தலைமுறையைச் சேர்ந்த செவர்லே, டாட்ஜ், பிளைமவுத், ஃபோர்டு ஆகிய அமெரிக்கக் கார்கள் இந்தியாவிலேயே பூட்டப்பட்டு, பல பத்தாண்டுகள் இங்கேயே உழைத்து, இங்குள்ள பட்டறைகளிலேயே பழுதுபார்க்கப்பட்டு வாழ்ந்தன. தமிழகத்து ஊர்களில் 'பிளஷர் கார்' என்றும் 'படகு கார்' என்றும் அழைக்கப்பட்ட இவற்றைப் பேணும் ஆர்வம் இந்தியாவில் வலுப்பெற்றுவரும் இந்நாளில், எதைப் பேணுவது, எந்த அளவுகோலால் பேணுவது என்னும் கேள்வி முறையான ஆய்வைக் கோருகிறது.

புணே நகருக்குத் தென்மேற்கே சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள கடக்வாஸ்லா, இவ்வாய்வுக்குப் பொருத்தமான நிலைக்களனாக அமைகிறது. முட்டா ஆற்றின் அணையும், தேசியப் பாதுகாப்பு அகாதமியும், 1916-இல் தொடங்கப்பட்ட மத்திய நீர் மற்றும் மின் ஆராய்ச்சி நிலையமும் அமைந்த இந்தப் பகுதி, 1966-இல் நிறுவப்பட்ட இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கமும், கட்கியில் உள்ள இராணுவப் பணிமனையும், டாட்டா, பஜாஜ் ஆலைகளும் கொண்ட புணே வட்டாரத்தின் ஒரு பகுதியாகும். வாகனத் தொழிலறிவு இவ்வளவு செறிந்த ஒரு வட்டாரத்தில் பழைய கார்களைப் பேணுவதில் உள்ள வாய்ப்புகளும் தடைகளும் தெளிவாகப் புலப்படுகின்றன. இந்தியாவில் வாழ்ந்த ஓர் அமெரிக்கக் காரின் வரலாறு, அது ஆலையை விட்டு வெளிவந்த நாளோடு முடிந்துவிடுவதில்லை என்பதும், இங்கே அது அடைந்த மாற்றங்களையும் மதிக்கும் அளவுகோலே இந்தியாவுக்கு ஏற்றது என்பதும் இக்கட்டுரை நிறுவ முனையும் கருத்துகளாகும்.

2. மசில் கார்: எழுச்சியும் வீழ்ச்சியும்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில், தன் நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு, அதாவது சுமார் 5.4 லிட்டருக்கு, மேற்பட்ட கொள்ளளவுள்ள என்ஜினைப் பொருத்தக் கூடாது என்று தன் பிரிவுகளுக்கு வரம்பு விதித்திருந்தது. அதன் பாண்டியாக் பிரிவில் ஜான் டிலோரியன் உள்ளிட்ட பொறியாளர்கள், பெரிய காருக்குரிய 389 கன அங்குல (6.4 லிட்டர்) வி-8 என்ஜினை 'டெம்பெஸ்ட்' என்னும் நடுத்தரக் காரில், வாங்குவோர் விரும்பினால் பெறக்கூடிய கூடுதல் வசதியாக அறிவித்து, அந்த வரம்பைக் கடந்தனர். வி-8 என்பது எட்டு சிலிண்டர்களை இரு வரிசையாகச் சாய்த்து அமைத்த என்ஜின் ஆகும். 1964-ஆம் ஆண்டு மாடலாக 'ஜி.டி.ஓ.' என்னும் பெயரில் வெளிவந்த அந்தக் கார் முதலாண்டிலேயே 30,000-க்கு மேல் விற்றதால், மற்ற நிறுவனங்களும் அதே வழியில் இறங்கின. அதே ஆண்டு ஏப்ரலில் அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங், உடல் சிறியது என்பதால் 'போனி கார்' என்னும் தனி வகையாகக் கருதப்பட்டாலும், அதன் பெரிய என்ஜின் வடிவங்கள் மசில் கார் வரிசையிலேயே வைத்து எண்ணப்படுகின்றன. கிரைஸ்லர் நிறுவனம் 1966 முதல் விற்பனைக் கார்களிலும் வழங்கிய 426 கன அங்குல 'ஹெமி' என்ஜின் 425 குதிரைத்திறன் உடையதாக அறிவிக்கப்பட்டது.

இந்த எழுச்சி பத்தாண்டைத் தாண்டவில்லை. இளைஞர்கள் வாங்கும் வேகக் கார்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தின; 1970-இன் தூய காற்றுச் சட்டம் புகை வெளியீட்டுக்குக் கடுமையான வரம்பு விதித்தது; அதற்கு ஈடுகொடுக்க ஜெனரல் மோட்டார்ஸ் 1971-இன் கார்களில் அழுத்த விகிதத்தைக் குறைத்தது. என்ஜினைத் தனியே வைத்து அளந்த மொத்தத் திறனுக்குப் பதிலாக, துணைக் கருவிகள் அனைத்தையும் பூட்டி அளந்த நிகரத் திறனை அறிவிக்கும் முறை 1972-இல் வந்தபோது விளம்பர எண்களும் சரிந்தன. 1973 அக்டோபரில் தொடங்கிய எண்ணெய்த் தடை எஞ்சியிருந்த சந்தையையும் குலைத்தது, ஜி.டி.ஓ. 1974-உடன் நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் இந்தக் கார்கள் மலிவு விலைக்குக் கைமாறி, பந்தயங்களில் நொறுங்கியும் பழைய இரும்பாக உடைக்கப்பட்டும் பெருமளவில் அழிந்தன. இன்று அவற்றுக்குள்ள மதிப்பு பெரிதும் அந்த அழிவின் விளைவே.

3. இந்தியாவுக்கு அமெரிக்கக் கார் வந்த வழிகள்

அமெரிக்கக் கார்கள் இந்தியாவுக்கு வந்த வரலாற்றை மூன்று கட்டங்களாகப் பிரிக்கலாம். முதற்கட்டம், பகுதிகளாகக் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்ட காலம். ஃபோர்டின் கனடா நிறுவனத்துக்குக் கீழ்ப்பட்ட இந்தியக் கிளை 1926 முதல் துறைமுக நகரங்களிலும், ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயின் செவ்ரியிலும் கார்களைப் பூட்டி விற்றன. ஸ்டியரிங் வலப்பக்கம் அமைந்த கார்களைப் பிரித்தானியப் பேரரசின் நாடுகளுக்கு அனுப்பும் பொறுப்பைக் கனடா ஆலைகள் ஏற்றிருந்தமையால், அக்காலத்து இந்திய ஃபோர்டுகள் பலவும் கனடாவில் வார்க்கப்பட்ட பகுதிகளைக் கொண்டவை. தென்னகத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வாகனங்களின் விற்பனை முகவராக விளங்கிய மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம், செவர்லே பெயரைச் சிற்றூர்கள் வரை கொண்டு சேர்த்தது.

இரண்டாம் கட்டம் விடுதலையை ஒட்டித் தொடங்கியது. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு பம்பாயின் குர்லாவில் டாட்ஜ், பிளைமவுத், டி சோட்டோ கார்களைப் பூட்டியது. இம்மூன்றும் பெரும்பாலும் ஒரே உடலையும் ஒரே ஆறு சிலிண்டர் என்ஜினையும் கொண்டு, முகப்பு அலங்காரத்திலும் பெயர்ப்பலகையிலும் மட்டுமே வேறுபட்டமையால், இன்றும் ஒன்றின் உதிரிப் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்துகிறது. முழுதாகப் பூட்டிய கார்களின் இறக்குமதியை 1949-இல் தடுத்த அரசு, உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் விலக வேண்டும் என்னும் கட்டண ஆணையத்தின் பரிந்துரையை 1953-இல் ஏற்றபோது, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டு நீங்கின.

மூன்றாம் கட்டமே மசில் கார்களின் காலத்தோடு ஒத்துவருவது. அப்போது ஒரு புதிய அமெரிக்கக் கார் இந்தியாவுக்குள் நுழைய இரண்டு வாயில்கள் எஞ்சியிருந்தன. தூதரகங்கள் வரியின்றிக் கொணர்ந்த கார்கள், தூதர்கள் நாடு திரும்பும்போது 1956-இல் நிறுவப்பட்ட அரசு வணிகக் கழகத்தின் கைக்கு வந்து, அதன் வழியாகப் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. வெளிநாட்டில் வாழ்ந்து தாயகம் திரும்பிய இந்தியர்களுக்குத் தம் காரைக் கொண்டுவரச் சலுகை இருந்தது. இந்தியாவில் இன்று காணக்கிடைக்கும் செவர்லே இம்பாலாக்களுக்கும் தொடக்கக் கால மஸ்டாங்குகளுக்கும் பெரும்பாலும் இவ்விரு வாயில்களே வழியாயின. ஆகவே அத்தகைய காரின் ஆர்.சி. புத்தகத்திலும் சுங்கத் தாள்களிலும் அதன் இந்திய வரலாற்றின் முதற்பக்கம் உள்ளது. அந்தத் தாள்கள் தொலைந்தால் காரின் அடையாளத்திலேயே ஒரு பகுதி தொலைகிறது.

4. பட்டறைகள் எழுதிய வரலாறு

உதிரிப் பாகம் இறக்குமதியாகாத நாட்டில், ஒரு லிட்டருக்குச் சில கிலோமீட்டர் மட்டுமே ஓடும் கார்கள் பல பத்தாண்டுகள் சாலையில் நீடித்தமைக்குப் பட்டறைத் தொழிலாளர்களின் அறிவே காரணம். தேய்ந்த சிலிண்டரை ரீபோர் செய்து, கிடைக்கும் வேறு வண்டியின் பிஸ்டனைக் கடைந்து பொருத்தினர்; முறிந்த அச்சை லேத்தில் புதிதாகக் கடைந்தெடுத்தனர்; 6 வோல்ட் மின்னமைப்பை, பேட்டரியும் பல்பும் எளிதில் கிடைக்கும் 12 வோல்ட்டுக்கு மாற்றினர்; துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்து, டிங்கரிங் தொழிலாளர் சுத்தியலாலும் மரக்கட்டையாலும் தட்டி வளைத்த புதுத் தகட்டைப் பற்றவைத்தனர். சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. சாலையும், மும்பையில் குர்லாவும் இவ்வறிவு கைமாறிய இடங்களாகும். இவற்றுள் எதுவும் நூலாக எழுதப்படவில்லை. குருவிடமிருந்து கையாளுக்குக் கண்பார்வையாகவே சென்றது.

இம்மாற்றங்களுள் மிகப் பெரியது டீசல் என்ஜின் மாற்றம். சென்னையின் சிம்சன் நிறுவனம் 1950-களில் பிரித்தானியாவின் பெர்கின்ஸ் வகை டீசல் என்ஜின்களைத் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, பெட்ரோல் என்ஜின் களைத்துப்போன அமெரிக்கக் கார்களில் அத்தகைய டீசல் என்ஜினை ஏற்றி வாடகைக் காராக ஓட்டும் வழக்கம் பரவியது. 1973-க்குப் பின் பெட்ரோல் விலை கடுமையாக உயர்ந்தபோது இவ்வழக்கம் மேலும் வலுத்தது. அம்மாற்றம் நிகழாதிருந்தால் அந்தக் கார்களுள் பல பழைய இரும்புக் கடைக்கே சென்றிருக்கும். எனவே டீசல் என்ஜின் ஏற்றப்பட்ட ஒரு டாட்ஜ் கார், அமெரிக்கப் பொறியியலுக்கு மட்டுமன்றி, இறக்குமதித் தடையும் எரிபொருள் நெருக்கடியும் நிலவிய ஓர் இந்தியக் காலத்துக்கும் சான்றாக நிற்கிறது.

5. 'அசல்' என்பதற்கு அளவுகோல் எது?

உலகளவில் பழைய வாகனச் சங்கங்களை இணைக்கும் 'ஃபீவா' என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1966-இல் தோன்றியது. குறைந்தது 30 ஆண்டு பழமையும், வரலாற்று நோக்கில் சரியான நிலையும் உடையதாய், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாததாய் உள்ள வாகனத்தையே அது வரலாற்று வாகனமாகக் கொள்கிறது. அது 2012-இல் ஏற்ற தூரின் சாசனம், பழைய கட்டடங்களைப் பேணும் கொள்கைகளை வாகனங்களுக்கும் விரித்துரைக்கிறது. இருப்பதை அப்படியே நிலைநிறுத்துவது பாதுகாத்தல் என்றும், தேய்ந்த பகுதிகளைச் சான்றுகளின் துணையோடு சரிசெய்வது புதுப்பித்தல் என்றும் வேறுபடுத்தி, இயன்றவரை முன்னதையே தேர்ந்தெடுக்க வலியுறுத்துகிறது. வாகனம் பயன்பாட்டில் இருந்த காலத்திலேயே, அக்காலத் தொழில்நுட்பத்தால் செய்யப்பட்ட மாற்றங்களை அதன் வரலாற்றின் பகுதியாக ஏற்கும் இடமும் ஃபீவாவின் வகைப்பாட்டில் உண்டு.

அமெரிக்க மசில் கார் ஆர்வலரிடையே நெடுங்காலம் கோலோச்சிய அளவுகோல் 'எண் பொருத்தம்' ஆகும். என்ஜினிலும் கியர் பெட்டியிலும் பொறித்த எண்கள் காரின் அடையாள எண்ணோடு ஒத்திருந்தால் மட்டுமே அது ஆலையிலிருந்து வந்த அசல் கார் எனக் கொள்ளப்பட்டு, விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. ஆனால் அந்நாட்டிலேயே இவ்வளவுகோலுக்கு வலிமையான மறுப்பாக ஒரு கார் நிற்கிறது. 'புல்லிட்' என்னும் 1968-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய பச்சை நிற மஸ்டாங், பல ஆண்டுகள் ஒரு குடும்பத்தின் அன்றாடக் காராக உழைத்து, பின் நெடுங்காலம் பொதுப்பார்வைக்கு வராமல் இருந்து, 2018-இல் டெட்ராய்ட் கண்காட்சியில் மீண்டும் தோன்றியது. மங்கிய வண்ணத்தோடும், படப்பிடிப்புக் கேமராக்களைத் தாங்கப் பற்றவைத்த இரும்புத் தாங்கிகளோடும், புதுப்பிக்கப்படாத நிலையிலேயே அது அந்நாட்டின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டு, 2020 ஜனவரியில் 37 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. ஆலையில் இல்லாத அந்தத் தாங்கிகளை யாரேனும் அறுத்தெறிந்து காரைப் புத்தம் புதிதாக்கியிருந்தால், அதன் மதிப்புக்கு அடிப்படையான சான்றே அழிந்திருக்கும்.

கடக்வாஸ்லா அணையின் வரலாறும் இதற்குத் துணைநிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த அந்த அணை, 1961 ஜூலை 12-இல் மேல்புறத்துப் பான்ஷேத் அணை உடைந்த வெள்ளத்தில் தானும் உடைந்து, பின்னர் அதே இடத்தில் சீரமைக்கப்பட்டு, இன்றும் புணேவுக்கு நீர் தருகிறது. உடைப்பும் சீரமைப்பும் அதன் வரலாற்றைக் குறைக்கவில்லை; அவற்றை விட்டுவிட்டு அதன் வரலாற்றை எழுதவும் இயலாது. உழைத்த பொருள்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

6. சட்டத்தின் நிலை

இந்தியாவில் பழைய வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு முறை 2021 ஜூலை 15-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்டது. முதற்பதிவு நடந்து 50 ஆண்டு கடந்த, வணிகப் பயன்பாடற்ற இருசக்கர, நான்குசக்கர வாகனங்கள் இதன்கீழ் வருகின்றன. புதிய பதிவுக்கு 20,000 ரூபாயும் மறுபதிவுக்கு 5,000 ரூபாயும் கட்டணம். பதிவு 10 ஆண்டு செல்லும். பதிவெண்ணில் மாநிலக் குறியை அடுத்து 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பது வரலாற்று நோக்கில் மிக நல்ல ஏற்பாடு. பழைய வாகனம் என்பதைக் குப்பையாக மட்டும் கருதாமல் மரபாகவும் கருத முடியும் என்பதை அரசு ஏற்றதற்கு இவ்விதிகள் சான்றாகும்.

எனினும் இரண்டு குறைகள் உள்ளன. சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் நிகழாத, அசல் வடிவில் உள்ள வாகனமே தகுதி பெறும் என்று விதி கூறுவதால், அரை நூற்றாண்டுக்கு முன்பே டீசல் என்ஜின் ஏற்றப்பட்டு உயிர்பிழைத்த இந்திய டாட்ஜ் தகுதி இழக்கிறது. அல்லது தகுதிக்காக அந்த வரலாற்றுச் சான்றைக் கழற்றி எறிய உரிமையாளர் தூண்டப்படுகிறார். மற்றது ஓட்டும் உரிமை பற்றியது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, பழைய கார் அணிவகுப்பு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே இந்தக் கார்கள் சாலைக்கு வரலாம். புணேயைச் சேர்ந்த ஒருவர், 'வி.ஏ.' பதிவு பெற்ற காரை ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்ககட் சாலை வழியே கடக்வாஸ்லா அணை வரை குடும்பத்தோடு ஓட்டிச் செல்வது இந்தப் பட்டியலில் வெளிப்படையாக இல்லை. மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் காரில் பிரேக் சிலிண்டர் இறுகும், எண்ணெய்ச் சீல்கள் காய்ந்து கசியும், டயர் ஒரே இடத்தில் தட்டையாகும் என்பதால், அளவோடு ஓட்டுவதும் பராமரிப்பின் பகுதியே என்று விதியில் தெளிவுபடுத்துவது அவசியம்.

இத்தனிப் பதிவை நாடாதோர் பொதுவான மறுபதிவுக்கே செல்ல வேண்டும். 15 ஆண்டு கடந்த காருக்கான அக்கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்ததோடு, இறக்குமதியான காருக்கு 40,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. இடப்பக்க ஸ்டியரிங் உடைய வாகனத்தைச் சைகை காட்டும் கருவி இன்றிப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 120-ஆம் பிரிவும் அமெரிக்கக் கார்களை நேரடியாகத் தொடுவது.

இறக்குமதி விதியில் 2025-இல் நிகழ்ந்த மாற்றம் இத்துறையின் போக்கையே திருப்பக்கூடியது. அதுவரை 1950-க்கு முன் தயாரான கார்களுக்கு மட்டும் திறந்திருந்த வழி, 50 ஆண்டு பழமை உடையவை எல்லாவற்றுக்கும் திறக்கப்பட்டது. சுங்க வரி மிக அதிகம் என்றாலும், 1964 முதல் 1974 வரையிலான மசில் கார்கள் அனைத்தும் இந்த வரம்புக்குள் அடங்குவதால், இந்தியா தவறவிட்ட ஒரு தலைமுறைக் கார்கள் இனி முறையாக வரக்கூடும்.

7. பேணுதலின் நடைமுறை

சட்டத்துக்கு வெளியே பழைய காரின் முதற்பகை ஈரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை பெய்யும் சகியாத்ரி அடிவாரத்தில், கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் மண்ணால் அடைபட்டால் தகடு உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. வெளியே பட்டி பூசி வண்ணம் அடித்த காரில் இவ்வரிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே, அனுபவமுள்ளவர்கள் துணி சுற்றிய சிறு காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியிலும் சக்கர வளைவிலும் மெல்ல நகர்த்திப் பார்க்கின்றனர். நல்ல தகட்டில் ஒட்டி இழுக்கும் காந்தம், பட்டி தடித்த இடத்தில் பிடியிழந்து நழுவிவிடும். அதன்பின் சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகே விலை பேசத் தொடங்குவது முறை.

இரண்டாவது சிக்கல் எரிபொருள். பழைய என்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டவை. வெளியேற்று வால்வு வந்து அமரும் வார்ப்பிரும்பு இருக்கையைத் தேயாமல் காத்தது அந்த ஈயமே. இந்தியா முழுவதும் 2000 பிப்ரவரியில் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்ட பின், கடினமாக்கிய எஃகு வளையங்களை அவ்விருக்கையில் பதிப்பதே நிலையான தீர்வாயிற்று. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இப்போது புதிய சிக்கலைத் தருகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதோடு, பழைய ரப்பர் குழாய்களையும் கார்க் கேஸ்கெட்டுகளையும் இளக்கிவிடுவதால், குழாய்களை மாற்றுவதும், நெடுநாள் நிறுத்தும் முன் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்வதும் இன்றியமையாதவை ஆகின்றன. இத்தகைய மறைவான மாற்றங்கள் காரின் தோற்றத்தைக் கெடுக்காமல் அதன் ஆயுளை நீட்டிப்பவை. ஆனால் மாற்றிய பழைய பாகத்தைப் பெயரிட்டு, காரோடு சேர்த்து வைத்திருப்பதே முறையான பேணுதலாகும்.

8. நிறுவனங்களும் சேகரிப்புகளும்

இந்தியாவில் பழைய கார்களுக்கான பொது ஆர்வத்துக்கு வித்திட்டது 1964-இல் டெல்லியில் 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் தொடங்கிய அணிவகுப்பு. அகமதாபாத் அருகே கத்வாடாவில் பிரான்லால் போகிலால் உருவாக்கிய சேகரிப்பும், கோவையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகமும், சென்னையில் ஏவி.எம். வளாகத்தில் 2023-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும் பழைய கார்களைப் பொதுமக்களின் பார்வைக்குக் கொண்டுவந்தன. மகாராட்டிரத்தின் அகமதுநகரில் (இன்றைய அகில்யாநகரில்) உள்ள டாங்கி அருங்காட்சியகம் போர்க்கள வாகனங்களைப் பேணுகிறது. இவை அனைத்தும் பாராட்டத்தக்கவை என்றாலும், சேகரிப்பாளரின் மனம் பெரும்பாலும் அரண்மனைக் கார்களிலும் அரிய கார்களிலுமே நிற்பதால், டீசல் என்ஜினோடு மலைப்பாதையில் உழைத்த வாடகை டாட்ஜுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று செயல்கள் உடனடித் தேவைகளாகப் புலப்படுகின்றன. முதலாவதாக, 2021-இன் விதிகளில், வாகனம் பயன்பாட்டில் இருந்த காலத்திலேயே செய்யப்பட்டு, ஆர்.சி. புத்தகத்தால் மெய்ப்பிக்கப்படும் மாற்றங்களுக்குத் தனி வகை வகுக்கப்பட வேண்டும். இன்று புதிதாகச் செய்யப்படும் மாற்றத்துக்கும் அன்றைய மாற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பன்னாட்டு வகைப்பாடு ஏற்கெனவே தெளிவாக்கியுள்ளது. இரண்டாவதாக, அத்தகைய மாற்றத்தின் காலத்தை ஆராய்ந்து சான்றளிக்கும் திறன் புதிய வாகனங்களைச் சோதிக்கும் நிறுவனங்களுக்கு உண்டு என்பதால், புணேயின் வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்றவற்றிடம் அப்பணியை ஒப்படைக்கலாம். மூன்றாவதாக, புதுப்பேட்டையிலும் குர்லாவிலும் எஞ்சியுள்ள மூத்த மெக்கானிக்குகள், டிங்கரிங் தொழிலாளர்கள், லேத் தொழிலாளர்கள் ஆகியோரின் அறிவு, அவர்கள் வேலை செய்யும்போதே படமாகவும் உரையாகவும் பதிவுசெய்யப்பட வேண்டும். இரும்பை மீண்டும் வார்க்க முடியும், ஆனால் அந்த அறிவு மறைந்தால் மீட்க வழியில்லை.

இறக்குமதிக் கதவு திறந்திருக்கும் இவ்வேளையில், பளபளக்கும் மசில் கார்கள் வெளிநாட்டு ஏலங்களிலிருந்து இந்தியாவுக்கு வருவது இயல்பே. அவை வருவதும் ஓடுவதும் நல்லதே. ஆனால் அவற்றின் 'எண் பொருத்தம்' என்னும் அளவுகோல் மட்டுமே இங்கும் சட்டமாகிவிட்டால், இந்நாட்டில் உழைத்த கார்களே முதலில் மதிப்பிழக்கும். அமெரிக்காவில் செய்த காரைப் பேண அமெரிக்கர்கள் இருக்கிறார்கள். இந்தியத் தொழிலாளர் கைபட்டு வாழ்ந்த அமெரிக்கக் காரை அந்நிலையிலேயே பேணும் பொறுப்பு இந்தியர்களுக்கே உரியது.